பாடக்குறிப்பில் எழுதும் கற்றல் நோக்கம் யாருக்காக?

இட்டேரி (கோபி பக்கம்), செவ்வாய் இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரு வாரமாக ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே கொட்டிவிடுகிறேன்.

எங்களுடையது வாய்க்கால் கரையோர ஈராசிரியர் பள்ளி. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். ஒன்று முதல் மூன்று வரை என்னிடம், மொத்தம் 23 பிள்ளைகள். போன வாரம் பள்ளிப் பார்வைக்கு ஒருவர் வந்தார். என் பாடக்குறிப்பை வாங்கிப் புரட்டினார், கையெழுத்துப் போட்டார். அப்புறம் முன்னால் உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம், "கண்ணு, இன்னிக்கு என்ன படிக்கறீங்க?" என்று கேட்டார். அவள் துளியும் தயங்காமல், "பக்கம் 31 சார்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்றைய குறிப்பில் நான் எழுதியிருந்தது, "மாணவர்கள் இனமாற்றிக் கழித்தலைப் புரிந்துகொள்வர்." அதாவது கடன் வாங்கிக் கழிப்பது. போன வருடமும் இதே வரிதான், அதற்கு முந்தின வருடமும் இதேதான். கழித்தலை எடுத்துவிட்டுக் கூட்டல் என்று போட்டால் இன்னொரு பாடத்துக்கும் ஆயிற்று. ஆசிரியர் பயிற்சி படிக்கும்போது அறிவர், புரிந்துகொள்வர், உணர்வர் என்ற மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டே கற்பித்தல் பயிற்சி முழுவதையும் ஒப்பேற்றியவள் நான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பாடம் தொடங்கிக் கால் மணி நேரம் வரைதான் என் கையில் வகுப்பு. அதற்குமேல் ஒருவன் பென்சில் சீவுகிறான், சீவி முடித்ததை மறுபடியும் சீவுகிறான். ஒருத்தி ஜன்னல் வழியாகப் பக்கத்துத் தோட்டத்துக் கட்டுத்தறியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கன்று போட்டிருக்கிறது, பாவம், எனக்கே பார்க்கத் தோன்றுகிறது.

நோக்கத்தை உருப்படியாக எழுதுவது எப்படி, பிள்ளைகளைக் கடைசி வரைக்கும் பிடித்து வைப்பது எப்படி. இரண்டுக்கும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்க.

வளமையத்து ஆள் (ஈரோடு), செவ்வாய் இரவு 10.05

அக்கா, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி இல்லை, ஒன்றுதான் என்பது என் கணிப்பு. கவனத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த வரியைப் பார்ப்போம்.

"புரிந்துகொள்வர்" என்பதில் சிக்கல் என்னவென்றால், அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பிள்ளை தலையை ஆட்டினால் புரிந்தது என்று எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பிள்ளைகள் எதற்கும் தலையாட்டுவார்கள். ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் 1962-லேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார். பிள்ளை என்ன செய்யும், எந்தச் சூழலில் எதை வைத்துச் செய்யும், எவ்வளவு செய்தால் போதும் என்று ஒத்துக்கொள்வோம். இந்த மூன்றும் நோக்கத்துக்குள் இருக்க வேண்டும் என்றார். உங்கள் வரியை அப்படி மாற்றிப் பார்க்கிறேன்:

"பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொண்டு, ஒரு கட்டைப் பிரித்து, 43 − 17 போன்ற ஐந்து கணக்குகளில் நான்கையாவது சரியாகச் செய்வர்."

நீளம்தான். ஆனால் இதைப் படித்தவுடன் நாளைக்கு என்ன வாங்கி வைக்க வேண்டும், கரும்பலகையில் என்ன எழுத வேண்டும், கடைசியில் எதைச் சோதிக்க வேண்டும் எல்லாம் தெரிந்துவிடுகிறது.

புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1956-ல் வகுத்த கற்றல் படிநிலைகளும், 2001-ல் வேறு சிலர் திருத்தி அவற்றை வினைச்சொற்களாக மாற்றியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பயிற்சிகளில் அந்த வினைச்சொல் பட்டியலைத் தாளடித்துக் கொடுக்கிறோம். கொடுக்கிற ஆளே நான்தான், அதனால் சொல்கிறேன், அந்தப் பட்டியலில் இருந்து ஒரு சொல்லை எடுத்து ஒட்டினால் நோக்கம் வந்துவிடாது. "பகுத்தாராய்வர்" என்று இரண்டாம் வகுப்புக்கு எழுதிய குறிப்பைப் பார்த்திருக்கிறேன். எதை என்றுதான் இல்லை.

மல்லிப்பந்தல் (சத்தியமங்கலம்), செவ்வாய் இரவு 10.40

மன்னிக்கணுமுங்க, நான் கொஞ்சம் மாறிப் பேசுகிறேன். தனியார் நர்சரி பிரைமரியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன், 38 பேர். நோக்கத்தை யார் படிக்கிறார்கள்? நான் எழுதுகிறேன், முதல்வர் டிக் அடிக்கிறார், நோட்டு பீரோவுக்குள் போகிறது. அதைத் தங்கத்தில் எழுதினாலும் தகரத்தில் எழுதினாலும் வகுப்பில் ஒன்றும் மாறாது.

பிள்ளைகளைப் பிடித்து வைக்க எனக்குத் தெரிந்தது பாட்டும் கைத்தட்டலும்தான். சத்தம் கூடினால் இரண்டு தட்டு தட்டுவேன், அவர்கள் மூன்று தட்டுவார்கள், கப்சிப். இதற்குக் குறிப்பு எதற்கு?

நொய்யல்கரை (திருப்பூர்), புதன் காலை 6.15

மல்லிப்பந்தல் அக்கா, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையால்தான் மாறினேன்.

நான்காம் வகுப்பு, 31 பேர். அதில் ஏழு பேருக்கு வீட்டு மொழி இந்தியோ ஒடியாவோ. பெற்றோர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். திருப்பூரில் இது இப்போது எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். அதில் ஒரு பெண்பிள்ளை, ஒடிசாவிலிருந்து வந்தவள், மூன்று மாதமாக வாயே திறக்கவில்லை. மெல்லக் கற்பவள் என்று நானே மனசுக்குள் எழுதி ஒதுக்கிவிட்டேன்.

பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். நோக்கம், "பின்னத்தின் தொகுதி, பகுதியைக் கூறுவர்." எல்லாரும் கோரஸாகக் கூறினார்கள். அவள் கூறவில்லை. அடுத்த நாள் வேறு எதற்கோ அந்த வரியை அடித்துவிட்டு, "ஒரு தாளைச் சமமாக மடித்து, நாலில் மூன்று பங்குக்கு வண்ணமிட்டுக் காட்டுவர்" என்று எழுதினேன். பெரிய யோசனை எல்லாம் இல்லை, அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது, பேச முடியவில்லை.

பழைய நோட்டீஸ்களை ஆளுக்கொன்று கொடுத்தேன். அவள் தாளை வாங்கினாள், ஓரத்தோடு ஓரம் வைத்து நகத்தால் ஒரு இழு இழுத்தாள். மடிப்பு கத்திபோல் நின்றது. திரும்பி இன்னொரு மடிப்பு. மூன்று கட்டத்துக்கு நீலம் அடித்து என் மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் கோணலாக மடித்துக்கொண்டிருந்தவன் தாளை வாங்கி அவனுக்கும் சரி செய்து கொடுத்தாள். அவள் அப்பாவுக்குக் கட்டிங்கில் வேலை. துணியை ஓரம் பார்த்து மடிப்பது அவள் தினமும் பார்க்கிற காரியம்.

அவளுக்குக் கணக்கு வந்தது, தமிழ்தான் வரவில்லை. "கூறுவர்" என்ற ஒரு சொல்லால் நான் மூன்று மாதம் கணக்கு வகுப்பில் தமிழைச் சோதித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பீரோவுக்குள் போகிற நோட்டுதான் அக்கா, ஆனால் அதில் எழுதிய வினைச்சொல்தான் அன்றைக்கு யார் வகுப்புக்குள் வரலாம், யார் வெளியே நிற்கணும் என்று தீர்மானித்துவிட்டது.

பழைய சாக்பீஸ் (பெருந்துறை, ஓய்வு), புதன் காலை 7.30

தம்பி எழுதியதைப் படித்ததும் செயல்வழிக் கற்றல் காலம் ஞாபகம் வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி 2007-ல் மாநிலம் முழுவதும் வந்தது. பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, டப்பாவில் இருந்து அட்டை எடுத்து, சுவரில் தாழ்வாக அடித்த கரும்பலகையில் பிள்ளைகளே எழுதுவார்கள். இப்போதைய இளம் ஆசிரியர்கள் பலருக்குத் தாங்களே அந்தப் பாயில் உட்கார்ந்து படித்த நினைவு இருக்கும்.

அதில் குறை ஏராளம். அட்டை தொலைந்தால் அந்தப் பாடமே தொலைந்த மாதிரி. முழு வகுப்பையும் உட்கார வைத்து ஒரு கதை சொல்வதற்குக்கூட நாங்கள் பயந்துகொண்டு இருந்தோம். ஆனால் ஒன்று மட்டும் அதில் அருமை. சுவரில் ஏணிப்படி மாட்டியிருக்கும். முயல் அட்டை முடித்தாயிற்று, அடுத்தது யானை அட்டை என்று பிள்ளைக்கே தெரியும். வருகிற அதிகாரியிடம் "நான் இங்க நிக்கிறனுங்க" என்று விரலை வைத்துக் காட்டும். பக்கம் 31 என்று சொல்லாது.

ஆகவே கோபி அம்மிணிக்கு ஒரு கிழவன் யோசனை. நோக்கத்தை எழுதும் முன் கடைசிக் கணக்கை எழுதிவிடுங்கள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கரும்பலகையில் எதைப் போடப்போகிறீர்களோ, அந்த ஒரு கணக்கு. அது கையில் இருந்தால் நோக்கம் தானாக எழுதிக்கொள்ளும். அதைக் காலையிலேயே பலகையின் மூலையில் எழுதி, "பொழுதோட ஊட்டுக்குப் போகறதுக்குள்ள இதைப் போடப்போறோம்" என்று பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். எங்கே போகிறோம் என்று தெரிந்த பிள்ளை பென்சில் சீவுவது குறையும். நிற்காது, குறையும்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி), புதன் மதியம் 1.10

கணக்குக்கு எல்லாம் சரி. தமிழ் செய்யுளுக்கு வாருங்கள், அங்கேதான் இந்த அளவுகோல் கழுத்தைப் பிடிக்கிறது.

ஐந்தாம் வகுப்பில் மழை பற்றிய ஒரு பாட்டு நடத்தினேன். நோக்கத்தைச் சுத்தமாக, பார்க்கக்கூடியதாக, அளக்கக்கூடியதாக எழுதினேன். "பாடலில் உள்ள எதுகைச் சொற்களில் ஐந்தையாவது பட்டியலிடுவர்." பட்டியலிட்டார்கள். எல்லாருக்கும் ஐந்துக்கு ஐந்து. தோப்பில் தேங்காய் எண்ணிப் போடுவதுபோல் பாட்டுக்குள் இருந்து சொல்லைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டார்கள். ஒருவரும் பாட்டைக் கேட்கவில்லை. அன்றைக்கு வெளியே நிஜமாகவே தென்மேற்குப் பருவமழை ஓட்டில் தட்டிக்கொண்டிருந்தது, அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

அடுத்த வருடம் நோக்கமே இல்லாமல் இரண்டு முறை பாடிக் காட்டி, கண்ணை மூடச் சொல்லி மூன்றாவது முறை பாடினேன். ஒருவன், "எங்க அமுச்சி வூட்டுத் திண்ணையில ஒழுகற சத்தம் மாதிரியே இருக்குதுங்க டீச்சர்" என்றான். இதை எந்த வரியில் எழுதுவது?

வளமையத்து ஆள் (ஈரோடு), புதன் இரவு 8.50

தென்னந்தோப்பு சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், பாதி. எதுகைப் பட்டியல் நல்ல நோக்கம்தான், முதல் நாளுக்கு உரியதில்லை. முதல் நாளுக்கு "பாட்டைக் கேட்டுத் தன் வீட்டில், ஊரில் கேட்ட ஒரு சத்தத்தைச் சொல்வர்" என்று எழுதியிருக்கலாமே. அந்தப் பையன் செய்தது அதைத்தான். சரி, எல்லாவற்றையும் வரிக்குள் அடைக்க வேண்டும் என்று நானும் பிடிவாதம் பிடிக்கவில்லை.

கவனம் பற்றி ஒன்று. நாம் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று ஒருநாள் பாருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் அமெரிக்க வகுப்புகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்களாம். அதை மூன்று விநாடிக்குமேல் நீட்டியதும் பதில்கள் நீளமாகின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசின. நம் வகுப்பிலும் அதே முதல் வரிசை மூன்று பேர்தான் பதில் சொல்வார்கள், மற்ற இருபது பேருக்கும் அது ஓய்வு நேரம். அதற்கு மருந்து சிலேட்டு. கேள்வி கேளுங்கள், எல்லாரும் சிலேட்டில் எழுதட்டும், "தூக்கு" என்றதும் ஒட்டுக்காகத் தூக்கட்டும். ஒரே பார்வையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இட்டேரி (கோபி பக்கம்), புதன் இரவு 9.30

எல்லாருக்கும் நன்றிங்க. ஆனால் எனக்கு ஒரு வகுப்பு இல்லையே. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஒரே அறையில் மூன்று வகுப்பு, அதற்குள் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகள் வேறு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நோக்கம் எழுதினால் பாடக்குறிப்பு பஞ்சாங்கம் மாதிரி ஆகிவிடும்.

வளமையத்து ஆள் (ஈரோடு), புதன் இரவு 9.45

நோக்கத்தைப் பெருக்காதீர்கள், பொருள் ஒன்றாகவே இருக்கட்டும். அதே குச்சிகள். ஒன்றாம் வகுப்பு எண்ணிப் பத்துப் பத்தாகக் கட்டட்டும். இரண்டாம் வகுப்பு கட்டையும் உதிரியையும் பார்த்து எண்ணை எழுதட்டும். மூன்றாம் வகுப்பு கட்டைப் பிரித்துக் கழிக்கட்டும். ஒரு வரியில் மூன்று வினைச்சொல்: கட்டுவர், எழுதுவர், பிரிப்பர்.

மல்லிப்பந்தல் (சத்தியமங்கலம்), வியாழன் காலை 6.40

நேற்று நான் சொன்னதை முழுதாக வாபஸ் வாங்கவில்லை. ஆனால் தம்பியின் ஒடிசாப் பிள்ளை ராத்திரி முழுக்க மனசை விட்டுப் போகவில்லை.

ஒன்று மட்டும் யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கம் பூக்காட்டு வீடுகளில் விடியும் முன்பே எழுந்துவிடுவார்கள். மல்லி அரும்பாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். அம்மா எழும்போது பிள்ளையும் எழுந்துவிடும். பதினொரு மணிக்கு அது தூங்கி விழுந்தால் என் பாடத்தில் சுவை இல்லை என்று பொருள் இல்லை. அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் என் தோழி, 2023-ல் காலை உணவு அவர்கள் பள்ளிக்கும் வந்த பிறகு முதல் இரண்டு பாடவேளை எவ்வளவோ தேவலை என்கிறாள். நோக்கம், செயல்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் வயிறும் தூக்கமும் இருக்கிறது. நான் இப்போது கணக்கை முதல் பாடவேளைக்கு மாற்றிக்கொண்டேன். பதினொரு மணிக்கு எழுந்து நின்று செய்கிற வேலை ஏதாவது.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி), வியாழன் காலை 7.05

நின்று செய்கிற வேலை என்றால் மூன்றாம் வகுப்பு நீட்டலளவைக்கு மிஞ்சியது இல்லை. திண்ணையின் நீளத்தை நாலு பேர் முழம் போட்டு அளந்தால் நாலு விடை வரும். சண்டை மூளும். அந்தச் சண்டை உச்சத்தில் இருக்கும்போது மீட்டர் அளவுகோலை எடுத்து வையுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். பூக்காரம்மாவின் முழமும் நம் முழமும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று உங்கள் சத்திப் பிள்ளைகளுக்குச் சொல்லியே கொடுக்க வேண்டாம்.

இட்டேரி (கோபி பக்கம்), வெள்ளி இரவு 8.15

இன்றைக்குச் செய்து பார்த்தேனுங்க. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சந்தையில் நாலு தென்னஞ்சீமாறு வாங்கி, ஈர்க்குகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு பொட்டலம் ரப்பர் பேண்டும் வைத்துக்கொண்டேன். காலையில் பலகை மூலையில் 43 − 17 என்று எழுதி, மணி அடிப்பதற்குள் இதைப் போடப்போகிறோம் என்று சொன்னேன். மூன்றிலக்கத்துக்குப் போகும் முன் இந்த இரண்டிலக்கம் கையில் நிற்கட்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் எண்ணி எண்ணிக் கட்டினார்கள். முதல் குச்சியை ஒருவன் "லாபம்" என்றுதான் ஆரம்பித்தான், அப்பாருவோடு களத்துக்குப் போகிறவன், அங்கே ஒன்றை அப்படித்தான் எண்ணுவார்கள். அந்தக் கட்டுகளை மூன்றாம் வகுப்பு வாங்கிக்கொண்டது. நாலு கட்டு, மூன்று உதிரி. அதிலிருந்து ஏழு உதிரி கொடு என்றேன். மூன்றுதான் இருக்கிறது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் மூன்று வரைக்கும் எண்ணினேன். அந்த மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒருத்தி ஒரு கட்டைப் பிரித்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் பிரித்தார்கள். ஒருவன் மட்டும் கட்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிரிக்கவே மாட்டேன் என்கிறான். ஏன் கண்ணு என்றேன். "பிரிச்சா எண்ணம் தப்பிப்போயிருமுங்க டீச்சர்." அப்புறம்தான் விளங்கியது. அவன் அமுச்சி சீமாறு கட்டி விற்கிறவர். கட்டினதைப் பிரிப்பது அந்த வீட்டில் பெரிய குற்றம். இத்தனை வருடமாகக் "கடன் வாங்கு, கடன் வாங்கு" என்று கத்திக்கொண்டிருந்தேனே, ஒரு பத்தைப் பிரித்தாலும் பத்தாகவே இருக்கும் என்ற இடத்தில்தான் அவன் நின்றுகொண்டிருந்தான். பிரித்துத் திரும்ப எண்ணச் சொன்னேன். எண்ணினான். பத்து. மறுபடியும் எண்ணினான். பத்து. மூன்றாவது தடவை நான் சொல்லாமலேயே எண்ணினான்.

கடைசியில் சிலேட்டு. மூன்றாம் வகுப்பில் எட்டுப் பேர், ஒருத்தி நோம்பிக்கு ஊருக்குப் போய்விட்டாள். ஏழு சிலேட்டில் ஐந்தில் 26. இரண்டில் 34. ஏழில் மூன்று போனால் நாலு, நாலில் ஒன்று போனால் மூன்று என்று பெரியதில் இருந்து சிறியதை எடுத்திருக்கிறார்கள். கையில் குச்சி இருக்கும்போது சரியாகச் செய்த அதே இரண்டு பேர், எண்ணாக எழுதியதும் பழைய வழிக்குப் போய்விட்டார்கள். திங்கட்கிழமைக்கு அவர்களுக்கு மட்டும் தனி வரி எழுதியிருக்கிறேன்: "ஒவ்வொரு கட்டைப் பிரிக்கும்போதும் சிலேட்டில் பத்தின் இடத்தை அடித்துத் திருத்துவர்."

கட்டைப் பிரிக்க மாட்டேன் என்றவனிடம் வீட்டுக்குக் கிளம்பும்போது, இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டேன். "கட்டுப் பிரிச்சேனுங்க" என்றான்.

ஒரே ஒரு கஷ்டம். பிரித்த ரப்பர் பேண்டு எல்லாம் கவணாகிவிட்டது. ஈர்க்கை வைத்து அடித்ததில் இரண்டாம் வகுப்பில் ஒருவன் காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். இதற்கு என்னங்க வழி?

பழைய சாக்பீஸ் (பெருந்துறை, ஓய்வு), வெள்ளி இரவு 8.40

வாழைநாரில் கட்டுங்க அம்மிணி. கவணுக்கு ஆகாது. முதல் நாளே தண்ணியில் நனைத்து வைத்துவிடுங்க, காய்ந்த நார் முடிச்சு நிற்காது.